நாட்டில் எட்டு சதவீத நிலம் கட்டடமாகிவிட்டதா? (விவாத இழை)

கேள்வி: ஒரு வாசகர், ஜூலை 6, 2025

வேளாண் அமைச்சகத்தின் நிலப் பயன்பாட்டுக் கணக்கில், விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்குப் போன நிலம் 1950-51இல் சுமார் 93 லட்சம் ஹெக்டேர். 2010-11இல் 260 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நாட்டின் மொத்தப் பரப்பு 32.87 கோடி ஹெக்டேர். அப்படியானால் 8 சதவீத நாடு கான்கிரீட் ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்? சாட்டிலைட் படத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் சொல்வது அதில் பாதிகூட இல்லை. இதில் யார் பொய் சொல்கிறார்கள்? வானத்திலிருந்தே எல்லாம் தெரியும் காலத்தில் விஏஓ எழுதும் அடங்கல் (கிராமத்துப் பயிர்ப் பதிவேடு) இன்னும் எதற்கு?

பதில்: சேலத்து நில அளவையாளர் ஒருவர், ஜூலை 6, இரவு

யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் அளந்தது வேறு வேறு நிலம்.

கிராமத்து அடங்கலில் தொடங்கி தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று கூட்டிக்கொண்டே போய் டெல்லியில் சேரும் ஒன்பது வகைக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதில் "விவசாயம் அல்லாத பயன்பாடு" என்ற பத்தியில் வீடு, ரோடு, ரயில் பாதை மட்டும் வருவதில்லை. ஆறு, ஓடை, வாய்க்கால், ஏரி, அணைத் தண்ணீர் எல்லாமே அதற்குள்தான். தமிழ்நாட்டில் இந்தப் பத்தி சுமார் 22 லட்சம் ஹெக்டேர், மாநிலத்தில் ஆறில் ஒரு பங்கு. ஏறத்தாழ 39 ஆயிரம் ஏரி குளம் உள்ள மாநிலத்தில், அந்த ஒற்றை எண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு, சுவர் எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை.

நம்ம மேட்டூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அணை நிரம்பினால் நீர்ப்பரப்பு 153 சதுர கிலோமீட்டர், பக்கத்து மாவட்டங்களிலும் கொஞ்சம் ஏறி நிற்கும். சேலம் மாநகராட்சி முழுவதையும் சேர்த்தாலே 91 சதுர கிலோமீட்டர்தான். ஒரு மாநகரத்தை விடப் பெரிய தண்ணீர், மாநகரத்தோடு ஒரே பத்தியில் உட்கார்ந்திருக்கிறது. மேட்டூராவது 1934இலேயே முடிந்த அணை. 1950க்குப் பிறகு ஹிராகுட், பக்ரா, நாகார்ஜுனசாகர் என்று நாடு முழுக்க எத்தனை கட்டினோம்! 93 லட்சம் 260 லட்சம் ஆனதில் அந்தத் தண்ணீருக்கும் பங்கு உண்டு.

அதனால் அந்த 8 சதவீதத்தைக் கான்கிரீட் என்று படிக்காதீர்கள்.

ஜூலை 7

"ஏரியைத் தூர்த்து அதன் மேலேயே கட்டினால் இந்தக் கணக்கில் எப்படித் தெரியும்?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்.

தெரியாது. ஒரு சென்ட்கூட நகராது. தண்ணீர் நின்றபோதும் விவசாயம் அல்லாதது, தார் போட்ட பிறகும் விவசாயம் அல்லாதது. சேலத்து ஏரிகள் பட்ட பாடு இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நாட்டுக் கணக்கில் அந்த இழப்புக்கு ஓர் இலக்கம்கூடக் கிடையாது. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது. கன்னங்குறிச்சி மூக்கனேரியை ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரி, நடுவில் மண்திட்டு போட்டு, மரம் வைத்து மீட்டார்களே, அந்த நல்ல காரியமும் இதே பத்திக்குள் போய்க் காணாமல் போகிறது.

ஜூலை 9

"வானத்திலிருந்தே எல்லாம் தெரியும்" என்ற இடத்துக்கு வருகிறேன். எனக்குத் தொழில் நில அளவை. செயின் பிடித்து ஆரம்பித்தது, இப்போது டிஜிபிஎஸ் என்ற சாட்டிலைட் வழி அளக்கும் கருவி. மனசு சென்ட் கணக்கிலேயே ஓடிப் பழகிவிட்டது, அதனால் சென்ட்டிலேயே சொல்கிறேன்.

1972இல் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட் சாட்டிலைட்டில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், தரையில் சுமார் 80 மீட்டருக்கு 80 மீட்டர். ஒன்றரை ஏக்கருக்கும் மேலே. 1982இல் லேண்ட்சாட் 4 வந்தபோது 30 மீட்டர் ஆனது, அதாவது 22 சென்ட். நம்ம நாட்டு ரிசோர்ஸ்சாட்டில் உள்ள லிஸ்-3 கேமராவுக்கு 23.5 மீட்டர், 13-14 சென்ட் வரும். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய தொலையுணர்வு மையம் 2005-06, 2011-12, 2015-16 என்று மூன்று சுற்றாக நாடு முழுவதற்கும் போட்ட 1:50,000 வரைபடத்துக்கு இதுதான் அடிப்படை. அதே மையம் வருடா வருடம் போடும் 1:2,50,000 வரைபடம் ஏவைஃப்ஸ் கேமராவில் எடுத்தது. அதில் பிக்சல் 56 மீட்டர், 77 சென்ட். 2015இல் மேலே போன ஐரோப்பாவின் சென்டினல்-2 10 மீட்டருக்கு இறங்கியது. இரண்டரை சென்ட்.

முப்பதுக்கு நாற்பது சைட் ஒன்று எவ்வளவு? 1,200 சதுர அடி, இரண்டே முக்கால் சென்ட். அந்த 10 மீட்டர் படத்திலும் ஒரு வீடு ஒரு பிக்சலுக்குத்தான் வரும். அதுவும் கட்டத்துக்குள் சரியாக விழாது, நாலு பிக்சலில் கால் கால் பங்காகச் சிதறி விழும்.

தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் வீடுகள் தெருவாக ஒட்டி நிற்கும், கூட்டமாகவாவது தெரிந்துவிடும். நம்ம பக்கம் அப்படி இல்லை. ஓமலூர், தாரமங்கலம் வழியில் போனால் ஒவ்வொரு குடும்பமும் அவரவர் தோட்டத்துக்குள் வீடு கட்டி இருப்பார்கள். ஒரு தார்சு வீடு, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, நாலு தென்னை, கிணறு, மிச்சமெல்லாம் சோளத்தட்டு. இதெல்லாம் ஒரே 22 சென்ட் பிக்சலுக்குள் கலந்து கிடந்தால் படம் அதை வயல் என்றுதான் சொல்லும்.

ஆகவே பழைய படத்தில் இல்லாதது புதிய படத்தில் இருக்கிறது என்றால் புதிதாகக் கட்டியது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. கண்ணாடி மாற்றியதால் தெரிந்த எழுத்தாகவும் இருக்கலாம்.

ஜூலை 10

கூகுள் எர்த்தில் மாட்டு வண்டிகூடத் தெரிகிறதே என்கிறார் தர்மபுரித் தம்பி. தெரியும். ஆனால் அது பல தேதிகளில் எடுத்த படங்களைத் தைத்து ஒட்டியது. ஒரு ஊர் மார்ச் மாதத்தில் இருக்கும், பக்கத்து ஊர் அதற்கு முந்தின வருஷ நவம்பரில் இருக்கும். கண்ணால் சரிபார்க்க அருமையான சாதனம். நாடு முழுக்க ஒரே அளவுகோலில் வருஷா வருஷம் கூட்டிப் பார்க்க அதை நம்ப முடியாது.

ஜூலை 13

பிக்சல் அளவை விடவும் பெரிய சிக்கல் நிறம். சேலம் வட்டாரம் அதற்கென்றே அமைந்த பரீட்சைத் தாள்.

வெள்ளக்கல்பட்டிப் பக்கம் ரயிலில் போனவர்கள் மேக்னசைட் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். நூறு வருஷத்துக்கு மேலாக வெட்டிக் கொட்டிய வெள்ளை மேடு. ஐதராபாத் மையத்தின் வகைப்பாட்டில் சுரங்கமும் "கட்டப்பட்ட நிலம்" என்ற தலைப்பின் கீழேயே வரும். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் வேர்ல்டுகவர் வரைபடத்தில் சுரங்கமும் கழிவு மேடும் வெற்று நிலம். ஐரோப்பிய ஆணையத்தின் ஜிஎச்எஸ்எல் என்றால் கூரை போட்ட கட்டடத்தை மட்டும்தான் எண்ணும். அதில் நாலு வழிச்சாலைகூட வராது, வேர்ல்டுகவரில் சாலை வரும். ஒரே சேலம், ஒரே வருஷம், மூன்று பேரும் தங்கள் விதிப்படி சரியாகவே செய்திருந்தாலும் மூன்று எண் வரும். செய்தியில் "இத்தனை சதவீதம்" என்று படித்தால் ரோடு உள்ளே இருக்கிறதா, சுரங்கம் உள்ளே இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

இதெல்லாம் விதியில் உள்ள வித்தியாசம். இனி வருவது தப்பாகவே படிக்கும் இடங்கள்.

கரடு. ஜருகுமலை, ஊத்துமலை அடிவாரத்திலிருந்து ஊருக்கு ஊர் ஒரு பாறைக் கரடு இருக்கும். வெயிலில் காய்ந்த பாறை எதிரொளிக்கும் ஒளியும் கான்கிரீட் மேல்தளம் எதிரொளிப்பதும் ஏறக்குறைய ஒன்று. அலைவரிசை வித்தியாசத்தை வைத்து கட்டடத்தைப் பிரிக்கும் என்டிபிஐ என்ற சூத்திரம் பாறையையும் காய்ந்த தரிசையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும்.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கிய காடு (நம்ம பக்கம் மேட்டு வயலைக் காடு என்போம்). பிடுங்கி உழுது போட்ட செம்மண், மாசி பங்குனியில் பார்த்தால் மைல் கணக்கில் வெறும் தரை. அப்போது எடுத்த படத்தில் பாதி ஊர் கட்டடமாகிவிடும்.

சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் களம். கிழங்கு மாவும் திப்பியும் (மாவு எடுத்த சக்கை) காயப்போட ஏக்கர் கணக்கில் சிமென்ட் தளம் போட்டிருப்பார்கள். காலையில் திப்பியைப் பரப்புவார்கள், மத்தியானம் பலகையால் வாரிப் புரட்டுவார்கள், மழை இருட்டினால் ஓடிவந்து குவித்துத் தார்ப்பாய் போடுவார்கள். சாட்டிலைட் நம்ம ஊரைக் கடக்கும் காலை பத்து, பத்தரை மணிக்கு அந்தக் களம் பளீரென்று வெள்ளையாக இருக்கும். கூரை கிடையாது, ஆனால் மண்ணுக்குள் ஒரு சொட்டு மழை இறங்காது. இதை எந்தப் பக்கம் சேர்ப்பது? என்னைக் கேட்டால் கட்டப்பட்டதில்தான். கூரையை மட்டும் எண்ணுகிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள்.

அப்புறம் ஓட்டு வீடு. பழைய நாட்டு ஓடும் செம்மண்ணும் படத்தில் ஒரே குடும்பம். அம்மாபேட்டையில், கொண்டலாம்பட்டியில் தலைமுறை தலைமுறையாகத் தறி ஓடிய ஓட்டு வீடுகள் பல படங்களில் மண்ணாகவே தெரிந்திருக்கும். ஓட்டைப் பிரித்துத் தார்சு போட்டு, வெயில் தாங்க வெள்ளை அடித்த அன்றைக்குத்தான் அங்கே "புதிய கட்டடம்" முளைத்ததாக வரைபடம் சொல்லும். நிலம் ஒரு அடிகூடக் கூடவில்லை, கூரை மாறியிருக்கிறது. இரண்டு படத்தைக் கழித்துப் பார்த்து "பத்து வருஷத்தில் இவ்வளவு விரிந்தது" என்பவர்கள் இதற்குக் கழிவு கொடுத்ததாக நான் பெரும்பாலும் பார்த்ததில்லை.

ஜூலை 14

"98 சதவீதம் துல்லியம் என்று போட்டிருக்கிறார்களே, பிறகென்ன?" என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு.

100 சதுர கிலோமீட்டர் உள்ள ஒரு வட்டாரம். உண்மையில் 5தான் கட்டடம், 95 வயலும் கரடும். கட்டடத்தை எல்லாம் சரியாகப் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வயலையும் கரட்டையும் நூற்றுக்கு இரண்டு மட்டும் தப்பாகக் கட்டடம் என்கிறது. 95இல் 2 சதவீதம் 1.9. வரைபடத்தில் கட்டடம் 6.9 என்று வரும். மொத்தத் துல்லியம் 98 சதவீதத்துக்கு மேல், ஆனால் நமக்கு வேண்டிய எண் 38 சதவீதம் வீங்கிவிட்டது.

சேலம் டவுனுக்குள் இந்தக் கோளாறு பெரிதாகத் தெரியாது, அங்கே பெரும்பகுதி கட்டடம். நாடு முழுவதற்கும் என்று வரும்போது கட்டடம் சிறுபான்மை. பிக்சலை எண்ணிக் கூட்டியதை அப்படியே பரப்பளவு என்று போடவே கூடாது. குலுக்கல் முறையில் புள்ளிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் கண்ணால் சரிபார்த்து, தப்பின் விகிதத்தைக் கழித்துத் திருத்திய எண்ணையும் அது எவ்வளவு முன்பின் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முறை எப்போதோ வந்துவிட்டது. செய்கிறவர்கள் குறைவு.

ஜூலை 19

ஏற்காட்டில் இது அப்படியே தலைகீழ்.

கீழே இல்லாத கட்டடத்தைக் காட்டும் படம், மேலே இருக்கிற கட்டடத்தை மறைத்துவிடும். காபித் தோட்டத்துக்கு நிழல் வேண்டும். சில்வர் ஓக் நெட்டையாக வளர்ந்து மூடியிருக்கும், அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அடியில் காபி. அந்த மூடாக்குக்குள் பழைய பங்களாவும் இருக்கலாம், பத்து அறை உள்ள புது விடுதியும் இருக்கலாம், மேலிருந்து பார்த்தால் காடுதான். ஒரு எஸ்டேட்டுக்குள் எல்லை அளக்கப் போனபோது, படத்தில் ஒரே பச்சையாக இருந்த சரிவில் வரிசையாகத் தனி வீடுகள், வண்டி திரும்ப சிமென்ட் பாதை, செப்டிக் டேங்க் எல்லாம் பார்த்தேன். மரத்தை வெட்டாமல் கட்டியிருந்தார்கள். அது நல்லதுதான். ஆனால் எந்த வரைபடத்திலும் அந்த இடம் கட்டடம் இல்லை.

மலைச்சரிவின் நிழல் வேறு. மார்கழியில் காலைச் சூரியன் தென்கிழக்கில் தாழ்ந்து நிற்கும்போது சேர்வராயன் மலையின் மேற்கு, வடமேற்குச் சரிவுகள் படத்தில் இருட்டாக விழும். இருட்டில் எதையும் வகைப்படுத்த முடியாது.

ஜூலை 20

ரேடார் பயன்படாதா என்று கேட்டவருக்கு: சென்டினல்-1 ரேடார் மேகத்தையும் தாண்டிப் பார்க்கும், நிமிர்ந்த சுவரில் பட்டு வரும் எதிரொலி பலமாக இருப்பதால் சமவெளியில் கட்டடத்தைப் பிரிக்க நல்ல துணை. மலையில் சரிவே அதற்குச் சுவர் மாதிரி. உச்சி முன்னால் சாய்ந்து அடிவாரத்தின் மேல் விழுந்து பதிவாகும். ஏற்காட்டுக்கு நடந்து போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 27

இவ்வளவு நேரம் கூரையைப் பற்றிப் பேசினோம். நான் உண்மையில் சொல்ல வந்தது கல்லைப் பற்றி.

நிலம் விவசாயத்தை விட்டுப் போகும் நாள் எது? கூரை ஏறும் நாள் என்று எல்லா வரைபடமும் எடுத்துக்கொள்கிறது. இந்தத் தொழிலில் இருக்கிறவனாகச் சொல்கிறேன், மனைக்கல் நடும் நாள்தான் அது. இரண்டுக்கும் நடுவில் பத்து வருஷம், இருபது வருஷம்கூட ஓடும்.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். போர் வற்றிய மேட்டாங்காடு ஒன்று, அண்ணன் தம்பி பங்கு பிரித்தது. ப்ரோமோட்டர் அட்வான்ஸ் போடுவார். எஃப்எம்பியை (சர்வே நம்பருக்கான அளவு வரைபடத்தை) வைத்து எல்லை காட்டுவோம். ஜேசிபி வந்து வரப்பை எல்லாம் ஒரே நாளில் தட்டிவிடும். கிணறு இருந்தால் அந்த மண்ணையே தள்ளி மூடுவார்கள். முப்பது அடி, இருபத்துமூன்று அடி என்று ரோடு கீறி ஜல்லி கொட்டுவார்கள். அப்புறம் கல். அரை அடி தரைக்கு மேலே, வெள்ளை அடித்து, சிவப்பில் சைட் நம்பர். முகப்பில் ஆர்ச், இரண்டு பக்கமும் தென்னங்கன்று, கொடி. பிடுங்காமல் விட்ட கிழங்குக் குச்சி சைட்டுக்கு நடுவில் துளிர்த்துக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆட்களைக் கூட்டி வந்து சாப்பாடு போட்டு புக்கிங் எடுப்பார்கள்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வீடு கட்ட வாங்குவதில்லை. பிள்ளை கல்யாணத்துக்கு ஆகும் என்று வாங்கிப் போடுவார்கள். அயோத்தியாப்பட்டணம், கருப்பூர், சீலநாயக்கன்பட்டி தாண்டி எந்தச் சாலையிலும் போய்ப் பாருங்கள். கல் நட்ட நிலத்தில் வேலிகாத்தானும் பார்த்தீனியமும் ஆள் உயரம் நிற்கும். ஆளுக்கு இரண்டே முக்கால் சென்ட், பத்திரத்தில் எத்தனையோ குடும்பம், வரப்பு இல்லை, கிணறு இல்லை. அதை இனி யார் உழ முடியும்?

சாட்டிலைட் படத்தில் இது புதர். கட்டடக் கணக்கில் பூஜ்யம்.

ஜூலை 28

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. அடங்கலில் இது எப்படி வரும் தெரியுமா? பசலிக்குப் பசலி (பசலி என்றால் வருவாய்த் துறையின் கணக்கு வருஷம்) பயிர் இல்லை என்று எழுதுவார்கள். முதல் வருஷம் "நடப்புத் தரிசு". அடுத்து ஐந்து வருஷம் வரை "இதர தரிசு". ஐந்தைத் தாண்டினால் "சாகுபடிக்கேற்ற தரிசு" என்ற வகைக்குப் போய்விடும். தார் ரோடும் ஆர்ச்சும் போட்ட லே-அவுட், உழுதால் விளையும் நிலம் என்ற கணக்கில் நிற்கிறது! தரிசை மீட்கத் திட்டம் போடுகிறவர்கள் அந்த எண்ணை நம்பித்தான் போடுகிறார்கள்.

இதற்காக விஏஓவைத் திட்டாதீர்கள். ஒருத்தரே ஆயிரக்கணக்கான உட்பிரிவைப் பார்க்க வேண்டும், சான்றிதழ், பட்டா மாறுதல், தேர்தல் வேலை எல்லாம் அவர் தலையில்தான். 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர் ஆய்வுக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயலுக்கு அனுப்பினார்களே, அந்தச் செயலியிலாவது "மனைப்பிரிவு, கட்டடம் இல்லை" என்று தனியாக ஒரு வகை வேண்டும் என்பது என் ஆசை.

முதல் கேள்வியில் அடங்கல் எதற்கு என்று கேட்டார் நண்பர். இதற்குத்தான். இந்தச் சர்வே நம்பரில் எத்தனை பசலியாகப் பயிர் இல்லை என்று வரிசையாகச் சொல்லக்கூடிய ஒரே புத்தகம் அது.

ஆகஸ்ட் 3

நகரம், கிராமம் என்ற கோட்டைப் பற்றி நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். நீளமாகப் பேச வேண்டிய விஷயம், எனக்கு உறுத்துவதை மட்டும் சொல்கிறேன்.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று அரசு அறிவித்தால் அது நகரம். அறிவிக்காத ஊரைக் கணக்கெடுப்புத் துறை நகரமாக எண்ண மூன்று நிபந்தனை: 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். இப்படி எண்ணிய ஊர்கள் 2001இல் 1,362, 2011இல் 3,900ஐ ஒட்டி வந்துவிட்டன. கேரளத்தில் நகர மக்கள் 26 சதவீதத்திலிருந்து 47.7க்குத் தாவியதற்குப் பெரும் காரணம் இதுதான். பத்து வருஷத்தில் அங்கே கட்டடம் இரண்டு மடங்காகிவிடவில்லை.

ஆண்களை மட்டும் ஏன் எண்ண வேண்டும்? சிவதாபுரம், பனங்காட்டுப் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. பற்ற வைப்பது, சலங்கை கோப்பது எல்லாம் பெண்கள் கையில். தறி வீட்டில் நூல் சுற்றுவதும் அவர்கள்தான். அந்த உழைப்பு ஊர் எப்படி மாறியது என்பதற்கு நேரடிச் சாட்சி. அளவுகோலில் அதற்கு இடமே இல்லை. இன்னொரு பக்கம், ஆண்கள் எல்லாம் சேலத்துக்குப் பஸ் ஏறிவிட, காட்டை முழுக்கப் பெண்களே பார்த்துக்கொள்ளும் ஊர் "நகரம்" ஆகிவிடலாம்.

2020இல் ஐநா புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட முறை வேலையைப் பார்ப்பதில்லை. ஒரு கிலோமீட்டர் கட்டங்களாக நாட்டைப் பிரித்து, கட்டத்துக்கு 1,500 பேர் அடர்த்தியில் ஒட்டிக் கிடக்கும் இடத்தில் மொத்தம் 50,000 பேர் இருந்தால் பெருநகர மையம், 300 பேர் அடர்த்தியில் 5,000 பேர் இருந்தால் நகரக் கூட்டம். அந்தக் கணக்கில் 2011இல் 31 சதவீத நகர மக்கள் உள்ள இந்தியா எங்கேயோ மேலே போய்விடும். எது சரி என்று சண்டை போட வேண்டாம். ஒன்று பிழைப்பைக் கேட்கிறது, மற்றது நெரிசலைக் கேட்கிறது. நிலத்தைக் கேட்டது இரண்டுமே இல்லை.

ஆகஸ்ட் 4

கோடு எவ்வளவு காகிதக் கோடு என்பதற்கு ஒன்று மட்டும். 2004இல் தமிழ்நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சியாக மாற்றினார்கள், மத்திய அரசின் ஊரக நிதி கிடைக்கும் என்று. 2006இல் திரும்பப் பேரூராட்சி ஆக்கினார்கள். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு வீடும் காணாமல் போகவில்லை.

2027 கணக்கெடுப்புக்காக 2025 டிசம்பர் 31க்குள் எல்லைகளை முடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மாநகராட்சியோடு சேர்த்தால் நூறு நாள் வேலை போகும், வரி ஏறும் என்று ஊராட்சிக்காரர்கள் பயந்தது நியாயம்தான். ஆனால் அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பது நாளைக்கு "நகர்ப் பரவல்" என்ற பெயரில் புள்ளிவிவரமாக வரும். நிலம் விரியும் வேகத்தை மக்கள் பெருகும் வேகத்தால் வகுக்கும் ஐநா குறியீடு ஒன்று இருக்கிறது, 11.3.1. அதற்கு மாநகராட்சிப் பரப்பைக் கொடுத்தால் ஒரு செங்கல் வைக்காமலேயே எண் துள்ளிக் குதிக்கும். அதற்குக் கட்டடப் பரப்பைத்தான் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10

ஜூலை 27இல் கல் நட்ட நாளே நிலம் போன நாள் என்று எழுதினேன். ஆத்தூர்க்காரர் ஒருவர் மறுத்திருக்கிறார். அவர் ஊரில் விற்காமல் கிடக்கும் லே-அவுட்டில் கல்லுக்கு நடுவிலேயே மக்காச்சோளம் போடுகிறார்களாம், ஆடு மேய்கிறதாம். ஒரு இடத்தில் ப்ரோமோட்டர் கைவிட்டுப் போக, கல்லைப் பிடுங்கி மறுபடி மஞ்சள் நட்டிருக்கிறார்கள்.

இதைப் பற்றி இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். மொத்தமாக ஒருவர் கையில் இருக்கும்வரை திரும்ப வழி இருக்கிறது. சைட் சைட்டாகப் பத்திரம் ஆன பிறகுதான் கதவு சாத்துகிறது. அதனால் கல் நட்டதையும் சைட் பதிவானதையும் பிரித்தே குறிக்க வேண்டும். இரண்டையும் கட்டடத்தோடு கூட்டிவிடவும் கூடாது, அப்படிச் செய்தால் 8 சதவீதக் கதை மாதிரி இன்னொரு குழப்ப எண்தான் பிறக்கும்.

ஆகஸ்ட் 17

"குறை மட்டும் சொல்கிறீர்கள், நீங்களே அளந்தால் எப்படி அளப்பீர்கள்?" சரி.

கிராமத்தை அலகாக எடுப்பேன். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் மூன்று தேதி. கடைசியாகப் பயிர் இருந்த பசலி அடங்கலில் இருக்கிறது. முதல் சைட் பத்திரமான தேதி பதிவுத்துறையில் இருக்கிறது. 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2017இல் வரன்முறை விதிகள் வந்து பழைய மனைப்பிரிவுகள் பல டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) வாசலுக்கு வந்தன. அந்த வரைபடங்கள் இடக்குறிப்போடு கணினியில் ஏறினாலே பாதி வேலை முடிந்தது. மூன்றாவது, கூரை ஏறிய தேதி. அதற்கு சாட்டிலைட், கூடவே வீட்டு மின் இணைப்புத் தேதி. ஈபி சர்வீஸ் வாங்காமல் யாரும் குடி போவதில்லை. 2024 ஜூலையிலிருந்து சின்ன வீடுகளுக்கு சுயசான்று முறையில் ஆன்லைனில் கட்டட அனுமதி கிடைக்கிறது, அதுவும் உதவும்.

இந்த மூன்று தேதியும் இருந்தால் எவ்வளவு நிலம் கட்டடமானது என்பதோடு, எவ்வளவு நிலம் விவசாயத்தை விட்டுவிட்டு எதுவும் ஆகாமல் காத்துக் கிடக்கிறது என்பதும் தெரியும். சேலத்தைச் சுற்றி எனக்குப் பயம் தருவது அந்த இரண்டாவது எண்தான். குடும்பத்துக்கு ஒரு கூரை வேண்டும், அதில் நிலம் போனால் போகட்டும். யாருக்கும் கூரையும் ஆகாமல் சோறும் போடாமல் கிடக்கும் நிலத்தை எண்ணாமல் விடுவது எனக்குத் தாங்கவில்லை.

செலவு அதிகம் என்கிறீர்களா? எல்லாக் கிராமமும் வேண்டாம். ஊரை ஒட்டியவை, சாலையோரம், உள்ளே தள்ளியவை, மலை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் குலுக்கிப் போட்டுச் சில கிராமங்களை எடுத்தால் போதும். முன்பின் எவ்வளவு என்று சேர்த்தே சொல்லிவிடலாம். மலைக்கு மட்டும் நடந்து போக ஆள் வேண்டும்.

ஆகஸ்ட் 24

பெரியார் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி, ப்ராஜெக்டுக்கு சேலம் தாலுகா எடுத்திருக்கிறாளாம், எந்த மாதப் படத்தை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாள்.

ஒரே மாதம் எடுக்காதே அம்மா. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மேகம் விலகும் டிசம்பர் கடைசி, ஜனவரியில் ஒன்று, மார்ச் கடைசியில் ஒன்று எடு. இரண்டிலும் கட்டடமாகத் தெரிவதை மட்டும் முதலில் வை. மார்ச்சில் மட்டும் தெரிவது பெரும்பாலும் உழுத காடு. இரண்டிலும் மாறாமல் தெரியும் கரட்டையும் மேக்னசைட் மேட்டையும் கையால் எல்லை வரைந்து தனியே எடுத்துவிடு, சூத்திரத்தை நம்பாதே. சேகோ களங்களுக்குத் தனி வகை கொடு. ஏற்காட்டை இதே வரைபடத்தில் சேர்க்காதே. சரிபார்க்கும் புள்ளிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மாநகராட்சி எல்லைக்கு வெளியே போடு. லே-அவுட் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் இங்கேயே எழுது, சர்வே நம்பரோடு சொல்கிறேன்.